நான்காம் பெட்டியின் விக்கல்

குறைமாதக் குழந்தைகள் வார்டின் மூத்த நர்சுக்கு, அங்கிருக்கும் ஏதாவது ஒரு குழந்தையின் ரத்தத்தில் கிருமி ஏறினால் விக்கல் வரும். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. தண்ணீர் குடித்தாலும் மூச்சை அடக்கினாலும் நிற்காது. எந்தக் கண்ணாடிப் பெட்டியருகே விக்கல் பலமாகிறதோ, அதிலிருக்கும் பிள்ளை தேறினால்தான் நிற்கும். வார்டில் இருந்தவர்கள் இதையும் ஒரு கருவியாகவே எடுத்துக்கொண்டார்கள். மற்ற கருவிகள் அடிக்கடி பழுதாகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிதாக வந்த டாக்டருக்கு இது தெரியாது. ஒரு நாள் காலை பத்து மணிவாக்கில் நான்காம் பெட்டியருகே நர்சுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. உள்ளே தொள்ளாயிரம் கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை. "யாரோ உங்கள நெனைக்கிறாங்க சிஸ்டர்" என்று சிரித்தாள் அதன் அம்மா. விடிந்ததிலிருந்து மகள் சிணுங்கவே இல்லை, அவ்வளவு சமத்து என்று அவளுக்குப் பெருமை. கிருமிக்கு மருந்து தொடங்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதும் டாக்டர் சூடு பார்த்தார், காய்ச்சல் இல்லை. தேவையில்லாத மருந்தும் இத்தனூண்டு உடம்பைக் கெடுக்கும், பொறுத்துப் பார்ப்போம் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

நர்ஸ் வாதாடவில்லை. சூடு ஏறாததோடு அரை டிகிரி இறங்கியும் இருப்பதைக் காட்டினாள். குழாயில் விட்ட பாலில் பாதி செரிக்காமல் வயிற்றிலேயே கிடப்பதைக் காட்டினாள். பிள்ளையின் நெஞ்சை விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுத்த இடத்தில் ரத்தம் ஓடிவந்து பழைய நிறம் திரும்ப நான்கு விக்கல் ஆயிற்று.

"இது சமத்து இல்ல டாக்டர். அழத் தெம்பில்ல. அதான் என்னக் கூப்பிடுறா."

டாக்டரின் முகம் மாறியது. மொத்தமே அரை டம்ளர் தேறாத ரத்தத்தில் ஒரு மில்லி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர இரண்டு நாளாகும், பிள்ளைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை என்று முதல் ஊசியை அப்போதே போட்டார். சாயங்காலத்துக்குள் குழந்தை இரண்டு தடவை மூச்சுவிட மறந்தது. நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டி நினைவுபடுத்தினாள். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், விக்கிக்கொண்டே மறுத்துவிட்டாள். என்ன மனுஷியப்பா அவள்! இரண்டாம் நாள் மதியம், கிருமி வளர்ந்திருக்கிறது என்று பரிசோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தபோது விக்கல் நின்றிருந்தது. குழந்தை தன் எடைக்கு மிஞ்சிக் கத்திக்கொண்டிருந்தது. அம்மா அதைச் சமாதானப்படுத்தவில்லை; காது குளிரக் கேட்டபடி அழுதாள்.

இரண்டு மாதம் கழித்துக் குழந்தை இரண்டு கிலோவாக வீட்டுக்குக் கிளம்பியது. வீட்டுக்கு அனுப்பும் தாளில், மருந்து தொடங்கியதற்கான காரணம் என்ற கட்டத்தில் டாக்டர் "சிஸ்டருக்கு விக்கல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமை டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார்.

"எத்தன மணிக்கு ஆரம்பிச்சதுன்னு போடலையே" என்று திருப்பிக் கொடுத்தார்.