நடுத்தடுப்பு

மூடியைத் தூக்கியதும் குளிர்ப்பெட்டிக்குள் ஒரு சிறிய நீல விளக்கு எரிந்தது. கரையான்சாவடி மெயின் ரோட்டில் கார் சாமான்கள் விற்கும் அந்தக் கடையில், சீட் கவர்களும் ஸ்டியரிங் உறைகளும் தொங்கிய இடைவெளியில் குனிந்து, வெற்றிச்செல்வன் உள்ளே பார்த்தான். நடுவில் ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் ஓர் அறை, அந்தப் பக்கம் ஓர் அறை. ஒவ்வொன்றுக்கும் தனிக் குளிர், தனி எண், தனி பட்டன்.

கடை முகமது ஆசிக்குடையது. வெற்றியைவிடச் சிறியவன். எதையும் விற்கும் அவசரம் இல்லாதவன்போலப் பேசினான். விலை குறைந்த தெர்மோ வகை வேண்டாம், வெளியே கொளுத்தினால் உள்ளேயும் கொஞ்சம் கொளுத்தும் என்றான். கம்ப்ரசர் வைத்ததுதான் வண்டிக்கு லாயக்கு. வெறும் ஐஸ்பெட்டி போதாதா என்று ஸ்வாதி கேட்டாள்.

"ஐஸ்பெட்டின்னா திண்டிவனம் தாண்டறதுக்குள்ள பாதி தண்ணி ஆயிடும்க்கா. அப்புறம் பாலு ஒரு பக்கம் நீச்சல் அடிக்கும், தயிரு ஒரு பக்கம் நீச்சல் அடிக்கும்."

ஸ்வாதி சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாட்கள் ஆகியிருந்தன என்பது அப்போதுதான் வெற்றிக்கு உறைத்தது. இந்தப் பயணம் முடிவானதிலிருந்து அவள் எதையோ உள்ளங்கையில் ஏந்தி நடப்பவள்போல இருந்தாள். வால்பாறையில் ஒரு வீடு, ஐந்து நாட்கள். வெற்றி, ஸ்வாதி, குழந்தை ரோஷினி, வெற்றியின் அம்மா நாகவல்லி. இவர்களோடு ஸ்வாதியின் அப்பா ராகவனும் வருவதாகச் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கே வராதவர். ரோஷினி பிறந்த பிறகு பட்டாபிராம் வீட்டுக்கு எப்போதாவது வருவார். கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேத்தியை மடியில் வைத்துக்கொள்வார். நாகவல்லி டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தால், இப்போதுதான் குடித்தேன் என்பார். கோபமாகச் சொன்னதில்லை. மிக மரியாதையாகச் சொல்வார். அவர் போன பிறகு அந்த டம்ளர் நிறைந்தபடி மேஜைமேல் இருக்கும். நாகவல்லி அதை எடுத்துப்போய்த் துளசித் தொட்டியில் ஊற்றுவாள்.

ஐந்து நாட்கள் ஒரே கூரை, ஒரே அடுப்பு என்பதுதான் ஸ்வாதியின் கணக்கு. வெளியில் சாப்பிட மாட்டேன் என்று ராகவன் சொல்லிவிட்டார். அதனால் பால், தயிர், மாவு எல்லாம் இங்கிருந்தே போக வேண்டும், அங்கே சமைக்க வேண்டும். அந்தக் குளிரில் ஏதோ ஒரு காலையில் நாகவல்லி கையால் ஒரு டம்ளர் காபியை அவர் வாங்கிக் குடித்துவிட்டால் போதும். ஸ்வாதி அதற்குமேல் எதுவும் ஆசைப்படவில்லை. ஆசைப்பட்டதை வெற்றியிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னாள்.

அவள் ஒற்றை அறைப் பெட்டி ஒன்றைக் காட்டி, இதுவே தாராளம், காலடியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். வெற்றி பெரிய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. நெத்திலியை வறுத்து டப்பாவில் அடைத்துக்கொண்டுதான் வருவாள். அந்த டப்பாவும் பால் பாக்கெட்டும் ஒரே குளிரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதை மாமனார் பார்த்தால்? வாரக்கணக்காக வீடியோக்களைப் பார்த்து, இரண்டு அறைப் பெட்டி என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தபோது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கக் கூடாது.

"நடுவுல இருக்கற தடுப்ப எடுக்க முடியுமா?" என்று ஸ்வாதி ஆசிக்கிடம் கேட்டாள்.

"எடுக்க வராதுக்கா. அது எதுக்கு எடுக்கணும்? ஒரு பக்கம் வெஜ்ஜு, ஒரு பக்கம் நான்வெஜ்ஜு. அதுக்குத்தானே எல்லாரும் இத வாங்கிகினு போறாங்க."

வெற்றி பெரியதையே வாங்கினான். ஆவடி சாலையில் வண்டிகள் நகராமல் நின்றபோது, முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி ஸ்வாதி சொன்னாள்.

"அப்பா தனியா வேணும்னு இன்னும் கேக்கவே இல்ல, வெற்றி."

அவர் கேட்கவில்லைதான். யாரும் எப்போதும் கேட்டதில்லை. வெள்ளானூரில் வயல்கள் மனைகளாகும் முன்பு, கூலி வாங்கப் போகும் வீட்டில் எங்கே நிற்க வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு அம்பத்தூரில் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டி அவனை இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். அவனும் படித்தான். எதை எதையோ படித்தான். அவள் கற்றுக்கொடுக்காத அந்த ஒன்றும் எப்படியோ அவனுக்குள் இறங்கியிருந்தது. இதை ஸ்வாதியிடம் சொல்லலாம் என்று நினைத்தான். லாரி நகர்ந்தது. அவனும் கியரை மாற்றினான்.

மாலையில் ஸ்வாதி பால்கனியில் நின்று அப்பாவோடு பேசினாள். நெடுநேரம் அவள் பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பெட்டியைப் பற்றிச் சொன்னாளாம். இரண்டு தனித்தனி அறை, அவருடையது தனியாக இருக்கும் என்று.

"இன்னொரு பக்கம் என்ன வெப்பீங்கன்னு கேட்டார்."

அவள் போனைத் தலையணைமேல் வைத்தாள்.

"இந்த ஒரு தடவ அது காலியாவே இருக்கட்டுமேங்கறார்."

வெளியே சென்ட்ரல் போகும் மின்சார ரயில் கடந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கின. பிறகு அவன் சரி என்றான். அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவனே எதிர்பார்த்திருக்கவில்லை.

மறுநாள் காலை பெட்டியைக் கீழே கொண்டுபோய் வண்டியில் வைத்துப் பார்த்தான். டிக்கியில் பாதியை, வண்டி ஓடுவதற்கான கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தது. மிச்ச இடத்தில் துணிப்பைகள் மட்டும்தான் போகும். முன் சீட்டில் ராகவன் உட்கார வேண்டும். பெட்டி காலடியில் நுழையவில்லை. நெடுக்காகவும் குறுக்காகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் பின்சீட்டில் ஜன்னலோரமாக வைத்தான். அங்கே கச்சிதமாக உட்கார்ந்தது. மீதி இடத்தில் ஸ்வாதியும் ரோஷினியும் உட்காரலாம்.

காய்கறி வாங்கித் திரும்பிய நாகவல்லி பையோடு வந்து நின்றாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பெட்டியின் பளபளப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. எந்தப் பக்கம் எதற்கு என்று கேட்டாள். ஒரு பக்கம் பால், தயிர் என்றான். மாடியிலிருந்து இறங்கி வந்த ஸ்வாதிதான், மற்ற பக்கம் காலியாகவே வரும், அப்பா அப்படிக் கேட்டார் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"உட்றா கண்ணு. அஞ்சு நாளு மீனு துன்னாங்காட்டி செத்தா பூடுவேன்?" என்று நாகவல்லி சிரித்தாள். பிறகு பின்சீட்டை மறுபடி பார்த்தாள். இந்த முறை பெட்டியைப் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தைப் பார்த்தாள். பார்த்து முடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"எனுக்கு இன்னாத்துக்குடா அம்மாந் தூரம்? மல ஏறுனா தல சுத்தும். ஊட்ட பூட்டிப் போட்டுட்டுப் போறதும் நல்லா இல்ல. நீங்க போய்ட்டு வாங்க."

அவளுக்குத் தலை சுற்றாது. ஏழுமலையை நின்றுகொண்டே பஸ்ஸில் ஏறி வந்தவள். போன வாரம் ஆவடி மார்க்கெட்டில் மெரூன் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டுப் பார்த்து, வேர்த்து வடிய ரோஷினிக்குக் காட்டியவள். கடையில் பெட்டியைச் சிறியதாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் போதும். ஆசிக் முகம் சுளிக்க மாட்டான். சொல்வதற்காக வெற்றி வாயைத் திறந்தான். அப்போது, அம்மா வராவிட்டால் மாமனார் கொஞ்சம் சகஜமாக இருப்பார் என்ற நினைப்பு குறுக்கே வந்தது. அவன் அதைத் துரத்தவில்லை. அது அங்கேயே நின்றது.

"அத்தை..." என்று ஸ்வாதி ஆரம்பித்தாள். வெற்றி அவளைப் பார்த்தான். அவள் கண்களிலும் அதே நினைப்பு நின்றிருந்ததா, அல்லது அது தெரிய வேண்டும் என்று அவன்தான் விரும்பினானா என்று சொல்ல முடியவில்லை. காபி டம்ளரை யார் நீட்டுவது, யாரிடமிருந்து வாங்குவது என்பதெல்லாம் இனி இல்லை. வால்பாறை இருந்தது. அந்த வீடும் இருந்தது. போகாமலும் இருக்க முடியாது. ரோஷினி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஸ்வாதி நாகவல்லியின் கையிலிருந்து காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு மெதுவாக மாடியேறிப் போனாள்.

"பொட்டி வளைவுல உருண்டு கொயந்த மேல வியாதா?" என்று நாகவல்லி கேட்டாள்.

பெல்ட் போடலாம் என்றான். அவன் மறுபக்கம் சுற்றி வருவதற்குள் அவளே உள்ளே குனிந்து, பட்டையை இழுத்து, பெட்டியின் குறுக்காகக் கொண்டு வந்தாள். பூட்டும் இடம் தெரியாமல் சீட்டின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினாள். அவன் காட்ட வேண்டியிருக்கவில்லை. க்ளிக் என்று சத்தம் கேட்டது. சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். முறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் பட்டையை நிமிர்த்தி, ஓர் ஆளின் தோளிலிருந்து இடுப்புவரை படிய வைப்பதுபோல உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிவிட்டாள்.