ஒரே நூலில் இரண்டு தூளி

சாக்துன் ஊரில் ஃபிதெலியா பேச் வீட்டுக் கூடத்தில் ஆளில்லாத வலைத்தூளி ஒன்று தினமும் பகல் இரண்டு மணிக்கு ஓர் ஆம்பிளையின் கனத்துக்குத் தொய்ந்து, நாலு மணிக்கு எழும்பும். அது எழும்பியதைப் பார்த்துத்தான் தெருவே சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவப் போகும். மாதா கோயில் கடிகாரம் கெட்டுக் கிடந்ததால், இதில் யாருக்கும் குறையில்லை.

கனம் அவள் புருஷன் வெனான்சியோவுடையது. கான்கூன் கடற்கரையில் புதிதாக எழும்பிய ஹோட்டல்களுக்குச் சிமெண்ட் குழைக்கப் போனவன். யுகதான் சீமையில் ஒருவன் செருப்பில்லாமல் ஊரைவிட்டுப் போகலாம், தூளியில்லாமல் போக முடியாது. ஆகவே ஃபிதெலியா ஒரே தொட்டியில் சாயமேற்றிய நூலில், ஒரே பின்னல் சட்டத்தில், அவனுக்கொன்றும் வீட்டுக்கொன்றுமாக இரண்டு பின்னினாள். அதில் ஏறும் பாரம் இதிலும் இறங்கும் என்று அவளுக்கே அப்போது தெரியாது. "ஒத்தை ஆள் அகலம் போதும்டி. ரெட்டை அகலத்துல தூளியோட போய் இறங்கினா, கூட யாருடான்னு கேப்பானுங்க" என்றான் வெனான்சியோ. "நான் வரும்போது தரையிலயா படுக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவள் அகலமாகவே பின்னினாள். அவளைப் போல நெருக்கிக் கண்ணி போட அந்த ஊரில் ஆள் கிடையாது. கெட்டிக்காரர்கள் செய்கிற தப்பும் கெட்டியாகத்தான் இருக்கும்.

வா என்று கூப்பிட்டு ஒரு கடிதமும் வரவில்லை. கனம் மட்டும் தவறாமல் வந்தது. ஃபிதெலியா பக்கத்திலேயே சட்டத்தைப் போட்டு, விற்கிற தூளிகளைப் பின்னியபடி அதனோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருஷம் ஜூலையில் ஒருநாள் இரண்டு மணிக்குத் தொய்ந்த தூளி, சற்றுப் பொறுத்து இன்னும் ஒரு சாண் தொய்ந்தது. புளிப்பு நாரத்தையில் மிளகாய்ப்பொடி தொட்டுச் சப்பிக்கொண்டே அவள் நாத்தனார் பிரிசிலியானா வந்து பார்த்தாள்.

"ரெண்டாவது ஆளு கொஞ்சம் ஒல்லி" என்றாள்.

"உங்க தம்பி உடம்பு போட்டிருப்பாரு, மதினி."

"ரெண்டே நிமிசத்துலயா? என் கூடப் பொறந்தவன்தான், இருந்தும் சொல்றேன், மேக்கயித்த அறு. இங்க அறுந்தா அங்க விழுவான். இடுப்பு முறியட்டும்."

"அந்தப் பொண்ணு?"

"ஏன், அவளுக்கு இடுப்பு இல்லியா?"

ஃபிதெலியா கத்தியைத் தீட்டினாள். தீட்டித் தீட்டியே பதினோரு மாதம் போனது. கேட்டவர்களிடம், நல்ல கயிறு, வீணாக்குவானேன் என்றாள். தனியே இருக்கையில், இரண்டு பள்ளங்களும் உருண்டு ஒன்றாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு மதியம் நாற்காலியில் ஏறி மேல்கயிற்றில் இரண்டு புரி அறுத்தும் விட்டாள். அப்போது இரண்டு பள்ளத்துக்கும் நடுவே பப்பாளிப்பழ அளவில் மூன்றாவதாக ஒன்று இறங்கிக் காலை உதைத்தது.

"சே, போன வாரமே அறுத்திருக்கணும்" என்றாள் ஃபிதெலியா. அவள் வயிற்றில் எதுவும் தங்கியதில்லை. அறுத்த புரிகளை முறுக்கி, கூடவே புதுக்கயிறு ஒன்றையும் போட்டு இறுக்கினாள். மறுபடி சட்டத்தின் முன் உட்கார்ந்தபோது கை இரண்டும் பின்னலில் இருந்ததால், தூளியிலிருந்து ஒரு நூலைக் கால் கட்டைவிரலுக்குக் கட்டி ஆட்டினாள். உதை நின்றது. அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று.

ஆறு வருஷம் போனது. பப்பாளி பூசணியாகி, பூசணி ஓரிடத்தில் படுக்காத பிள்ளையாயிற்று. பிறகு ஒரு வாரம் முழுக்க, பெரிய கனம் மட்டும் வரவில்லை. பிரிசிலியானா சிலுவை போட்டுக்கொண்டு வந்தாள்.

"தம்பி செத்துட்டானோடி?"

"செத்திருந்தா தூளியில சுத்தில்ல புதைச்சிருப்பாங்க? தூளி தொங்குது மதினி. தாயும் பிள்ளையும் படுத்திருக்காங்க."

"அப்ப?"

"அவளையும் விட்டுட்டுப் போயிட்டாரு. இந்தத் தடவை தூளியக்கூட எடுத்துக்கல."

நாத்தனார் மடியிலிருந்து நாரத்தையை எடுத்துச் சப்பினாள். தூளியில் சின்னக் கனம் தூங்கிவிட்டிருந்தது. மற்றது அசையாமல் கிடந்தாலும், கண்ணிகள் ஓரமாக மெல்ல நடுங்கின. படுத்தபடி சத்தமில்லாமல் அழுதால் தூளி அப்படித்தான் நடுங்கும். ஃபிதெலியாவுக்கு அது தெரியும்.

அவள் கால் கட்டைவிரலில் நூலைக் கட்டிக்கொண்டு ஆட்டினாள். நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நாலு மணிக்குத் தூளி எழும்பியது. தெரு பாத்திரம் கழுவப் போனது.