ஆலை விழுந்த நேரம்

ஆலைப் பக்கத்துக்கு இரண்டு பீரங்கிகளைக் கொடுத்த மறுநாள் காலை, சண்டைக்காரியின் மாமனாருக்கு வலது காது இல்லை. காயமில்லை, ரத்தமில்லை, கன்னம் வழுவழுவென்று அப்படியே பின்னந்தலை வரை போயிருந்தது. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமாக நழுவுகிறதே என்றுதான் அவர் அலுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பழைய சீட்டுகளைப் புரட்டிய டாக்டர், ஐயாவுக்கு அந்தக் காது போரில் போனது, நாற்பது வருஷமாகிறது, இப்போது என்ன புதிதாக வந்து நிற்கிறீர்கள் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மருமகள் அந்தச் சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தாள். அந்தப் பீரங்கிகளைத் தாளில் எழுதியவள் அவள்தான்.

சண்டைக்காரி என்பது தெரு வைத்த பேர். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. டயர் கடைக்கு மேலே மாடியறையில் உட்கார்ந்து, பழைய போர்களை மேஜை மேல் ஆடும் விளையாட்டுகளாகச் செய்வது அவள் தொழில். அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், படைகளுக்கு அட்டைச் சில்லுகள், ஒரு ஜோடி பகடை, யார் எத்தனை பேர், எந்த மணிக்கு எங்கே நிற்பார்கள், யார் ஜெயித்ததாக அர்த்தம் என்று சொல்லும் ஒரு தாள். அந்த வருஷம் முதலாளி கேட்டது சொந்த ஊர்ச் சண்டையை. நாற்பது வருஷத்துக்கு முன் மேற்குக் கரைப் படை அறுநூறு பேரும் ஆறு பீரங்கியுமாக ஆற்றைக் கடக்க வந்தபோது, கிழக்குக் கரை மாவு ஆலைக்குள் முப்பத்தொரு பேர் புகுந்துகொண்டு வழிமறித்தார்கள். மதியம் மூன்று மணிக்கு ஆலை விழுந்தது, ஒருவரும் மிஞ்சவில்லை என்று பாடப்புத்தகம் சொன்னது. அந்த முப்பத்தொருவரில் ஒருவர் அவளுடைய அப்பா. அவள் அப்போது மூன்று மாதக் குழந்தை. மேற்கிலிருந்து சுட்ட ஒரு பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுத்தவர் மாமனார். சமாதானம் வந்து, பாலம் கட்டி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து எல்லாம் ஆன பிறகும், சம்பந்திகளான மாமனாரும் அவள் அம்மாவும் சௌக்கியமா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. போருக்குப் பிறகு பிறந்த மாப்பிள்ளை பெண்ணைவிட ஒரு வயது சின்னவர் என்பதுதான் அந்தக் கல்யாணத்தில் எல்லோருக்கும் கிடைத்த ஒரே கேலி.

விளையாட்டைச் சோதித்துப் பார்க்க டயர் கடைக்காரரும் டியூஷன் வாத்தியாரும் மாடிக்கு வருவார்கள். ஆலைப் பக்கம் உட்கார்ந்த டயர் கடைக்காரர் நாலு தடவை தோற்றுச் சில்லுகளைத் தள்ளிவிட்டார். "இந்தப் பக்கம் உக்காரச் சொல்றதுக்கு பதிலா என்னைக் கீழ லாரிச் சக்கரத்துல படுக்கச் சொல்லிடும்மா." வாத்தியாரோ, இல்லாத பீரங்கியைக் கொண்டுவந்தால் அது சரித்திரமே இல்லை, கட்டுக்கதை என்று ஒற்றைக்காலில் நின்றார். இரண்டு பக்கமும் சரிபாதி ஜெயிக்காத விளையாட்டை எவன் வாங்குவான் என்று முதலாளி போனில் கத்தினார். சரி, இரண்டே இரண்டு பீரங்கி, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துத்தான் அவள் எழுதினாள். மறுநாள் காது.

எழுதியதை உடனே அடித்திருக்கலாம். அடிக்காததற்குக் காரணம், அதே காலையில் அடுத்த தெருவில் அவள் அம்மா வீட்டுப் பின்வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ் சேறும் ஈரமுமாகக் கிடந்தது. அப்பாவை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். ஆசை யாரை விட்டது? பேனாவை எடுத்து, ஆலைக்குள் இன்னும் இருபது ஆட்களைச் சேர்த்தாள். அன்று மாலை இருபத்தாறு வயது ஆள் ஒருவர், தலையெல்லாம் மாவாக, அம்மா வீட்டுத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். பெண்ணைவிடப் பதினாலு வயது சின்னவர். யாரையும் விசாரிக்கவில்லை. மணி என்ன என்று மட்டும் கேட்டார். அம்மா அழுகையில் பதில் சொல்ல முடியாமல் நின்றாள்.

ஆனால் அந்த இருபது பேர் சும்மா இருப்பார்களா? அந்த வாரமே கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் புருஷனுக்குத் தன் கடைக் கண்ணாடிகளிலேயே முகம் தெரியாமல் போனது. எடை பார்க்கும் மெஷினில் ஏறினால் முள் அசையவில்லை. மனுஷன் அதற்கும் சிரித்தார். மெலிந்துவிட்டேன், சந்தோஷப்படேன் என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனார் போரிலேயே செத்துப்போனால் அதற்குப் பிறகு பிறந்தவர் எங்கிருந்து வருவார்? வெள்ளிக்கிழமை, ஒன்பது வயது மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றாமல் நின்றாள். "மிஸ் அட்டெண்டன்ஸ்ல என் பேரைக் கூப்பிடவே இல்லம்மா. கையத் தூக்கிட்டே நின்னேன். யாருமே பாக்கல."

செருப்புகூடப் போடாமல் சண்டைக்காரி மாடியறைக்கு ஓடினாள். பீரங்கி, இருபது பேர், எல்லாவற்றையும் அடித்துத் தள்ளினாள். அவள் திரும்பி வருவதற்குள் மகள் பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டு அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமனாருக்குக் காதும் வந்திருந்தது, பழைய இடத்தைவிட ஒரு விரல் கீழே. அவள் புருஷன் ஒரு புது மூக்குக்கண்ணாடியை வளைத்து அதற்குத் தோதாகச் செய்துகொடுத்தார். அடுத்த தெருவில் மட்டும், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் இல்லாமல் போய் டம்ளர் தரையில் உருண்டது.

அம்மா அதை எடுத்து வைக்கவில்லை. "நாப்பது வருஷம் முன்னாடி யாரோ முகம் தெரியாதவன் கொன்னான். இன்னிக்கு நீ கொன்னுட்டேடி," என்றாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முழுசாக வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வரட்டும், ஒரே ஒரு பீரங்கி போடு என்று கெஞ்சினாள். ஒரு பீரங்கிக்கு வீட்டில் எது போகும்? புருஷனின் கையா, மகளின் பேரா? அன்றிலிருந்து அவள் சாப்பிடும்போதுகூட மகளின் தலையை எண்ணெய் தடவுவது போலத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பகல், வரைபடத்தை மடித்து வைக்க வீட்டு மேஜையில் விரித்திருந்தாள். மாமனார் வந்து குனிந்து, ஆலை மேல் விரலை வைத்தார். அந்த விரல் மெதுவாக மணி எழுதிய ஓரத்துக்குப் போனது.

"மூணுங்கறது தப்பும்மா. நாலு பத்துக்குத்தான் விழுந்துச்சு."

"புத்தகத்துல மூணுன்னு இருக்கே மாமா?"

"அறுநூறு பேரை முப்பத்தொரு பேர் அவ்வளவு நேரம் நிறுத்தி வெச்சாங்கன்னு எழுத எங்க ஆபீசருக்கு வெக்கம். மூணுன்னு போட்டாரு. நாங்க எல்லாரும் தலையாட்டினோம். கடைசியா மாடி ஜன்னல்ல ஒரு பையன் இருந்தான். வாட்ச்சைக் கழட்டிக் காதுல வெச்சு வெச்சுப் பாத்தான். நின்னு போயிருக்கும் போல. அப்புறம்தான் நாங்க சுட்டோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் அம்மாவிடம் போய்க் கேட்டாள். ஊரைக் காலி செய்த கடைசி வண்டியில் அம்மா ஏறியிருந்தாள், மடியில் மூன்று மாதக் குழந்தையோடு. கணவாயைத் தாண்டும்போது நாலு ஆகியிருக்கும், பின்னால் இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், புத்தகத்தில் மூன்று என்று போட்டிருந்ததால் தன் நினைவுதான் பிசகு என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன் என்றாள்.

பகடை எப்படி விழுந்தாலும் அது மேஜையோடு சரி, தாளில் எழுதுவதுதான் வெளியே வருகிறது என்பது சண்டைக்காரிக்கு அதற்குள் பிடிபட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளை மாடியறைக்குக் கூட்டிப்போய், இடது கையால் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதினாள். ஆலையில் முப்பத்தொரு பேர், பீரங்கி கிடையாது. ஆலை விழும். ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். ஆட்டம் மூன்று மணியோடு முடியாது, நாலு பத்து வரை நடக்கும். ஆலை விழுவதற்குள் கடைசி வண்டி கணவாயைத் தாண்டிவிட்டால், ஆலைப் பக்கம் ஜெயித்தது. "வலிக்குதும்மா, விடும்மா," என்றாள் மகள். அவள் விடவில்லை, நூறு வரை எண்ணிவிட்டுத்தான் விட்டாள். மகள் அங்கேயே இருந்தாள், மணிக்கட்டில் ஐந்து விரல் தடத்தோடு. அந்த வாரம் இருபது ஆட்டத்தில் ஆலை பத்து ஜெயித்தது. முதல் வெற்றியில் டயர் கடைக்காரர் கடைசிச் சில்லும் செத்த பிறகு நாற்காலி மேல் ஏறிக் குதித்தார். வாத்தியார் தேடித் தேடிப் பார்த்தும் தப்பு ஒன்றும் கிடைக்கவில்லை.

எழுதிய அன்றே, நாலு பத்துக்கு, அவள் அம்மா வீட்டுப் பின்வாசலில் அப்பா வந்து நின்றார். மணி என்ன என்று கேட்டார். இந்தத் தடவை அம்மாவுக்குக் குரல் வந்தது. நாலு பத்து என்றாள். வண்டியெல்லாம் போயிடுச்சா என்றார். "போயிடுச்சுங்க. நானும் பாப்பாவும் கணவாயத் தாண்டிட்டோம்." அவர் மூச்சை விட்டார். ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். கதவோரம் நின்ற நாற்பது வயதுக்காரியை யாரோ என்று நினைத்து, "கொஞ்சம் வழி விடுங்கம்மா," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு தினமும் வருகிறார். விளையாட்டு நன்றாகவே விற்றது. பாடப்புத்தகத்தில் இன்னும் மூன்று மணிதான். நாலு மணிக்கு அம்மா தண்ணீர் எடுத்து வைப்பாள். சில நாள் மாமனாரும் போய்ச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சம்பந்திகள் இப்போதும் பேசிக்கொள்வதில்லை. போன மாதம் அம்மா பல் பிடுங்கப் போய்த் திரும்ப நேரமாகிவிட்டது. தலையெல்லாம் மாவாக வந்தவர் மணி என்ன என்று கேட்டபோது வீட்டில் மாமனார் மட்டும்தான் இருந்தார். அவர் எழுந்து நின்று, கைக்கடிகாரத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து, "நாலு பத்துப்பா. எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க," என்று சொல்லி, தண்ணீரை எடுத்துக் கொடுத்தார்.