ஞாயிற்றுக்கிழமை மாடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையின் ஆண்டுமலருக்கு ‘விசுவாசமும் கீழ்ப்படிதலும்’ என்று நான்கு பக்கக் கட்டுரை கேட்டார்கள். எழுதினேன். என் மனைவி அருள்செல்வி இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விட்டாள். மூன்றாம் பக்கத்தில் எனக்கே வந்தது. ஆகவே கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு மாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: “சாமல்பட்டி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, கருமேகங்கள் கவிந்திருந்த ஒரு...”

வேண்டாம். மேகம் கவிந்தால் வாசகர் குடை தேடப் போய்விடுவார்.

மறுபடியும். 1954 ஆடி மாதம். சாமல்பட்டிக்குப் பக்கத்து ஊரில் ஜேம்ஸுக்கு ஒரு மாடு இருந்தது. அடுத்த கொல்லைக்காரர், அதாவது பக்கத்து நிலத்துக்காரர், ராமப்பனுக்கும் ஒன்று. ஒற்றை மாட்டால் ஏர் ஓட்ட முடியாது. இருவரும் மாடுகளைச் சோடி சேர்த்து, ஒருநாள் இவர் நிலம், மறுநாள் அவர் நிலம் என்று உழுவார்கள்.

வெள்ளிக்கிழமை மழை பெய்தது. செம்மண்ணில் ஈரம் இரண்டு நாள்தான் தாங்கும். அதற்குள் கடலை விதைக்காவிட்டால் அந்த வருஷ வெள்ளாமை அம்போ. முறைப்படி சனிக்கிழமை ராமப்பனுடையது.

“ஜேம்ஸண்ணா, நாளன்னிக்கி ஞாயித்துக்கெழம. நீ கோயிலுக்குப் போவ, வேல செய்யமாட்ட. நாளைக்கி நீயே ஓட்டிக்க. நான் ஞாயித்துக்கெழம ஓட்டிக்கிறேன்” என்றார் ராமப்பன்.

ஜேம்ஸ் மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை விதைத்தும் முடித்தார்.

3

ஞாயிறு காலை ராமப்பன் மாட்டை அவிழ்க்க வந்தார். ஜேம்ஸ் வெள்ளைச் சட்டையில் நின்றார்.

“மாடு வராதுப்பா.”

“ஏண்ணா, காலுகீலு நொண்டுதா?”

“இன்னிக்கி அதுக்கும் ஓய்வு. பத்துக் கட்டளையில, ஓய்வுநாளுக்கு மாடும் சேத்தித்தான்.”

ராமப்பன் மாட்டை ஏற இறங்கப் பார்த்தார். “இதுக்கு எப்பண்ணா ஞானஸ்நானம் குடுத்தாங்க?”

உள்ளே ஜேம்ஸின் மனைவி கிருபாராணி சிரிப்பை அடக்க முடியாமல் பாத்திரத்தை உருட்டினாள். அன்று அவள் தலைவலி என்று கோயிலுக்குப் போகவில்லை. (அந்தத் தலைவலியை நான் நம்பவில்லை.)

“நீ வேல செய்யமாட்டன்னு தெரியும். மாடும் செய்யாதுன்னு யாருண்ணா சொன்னாங்க?” என்று முனகிக்கொண்டே ராமப்பன் வெறுங்கையோடு திரும்பினார்.

(இந்த இடத்தில் ஜேம்ஸைக் கல்நெஞ்சக்காரராக்க என் பேனா துடித்தது. அது நியாயமில்லை. அறுவடைக் காலத்தில்கூட ஞாயிறு தவறாதவர். வாரத்தில் ஆறு நாள் மழையும் மண்ணும் அவரை ஆட்டிவைத்தன. அந்த ஒரு நாளை மட்டும் தன் ஆண்டவருக்கென்று கெட்டியாகப் பிடித்திருந்தார். எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு.)

4

கோயிலுக்குப் போகும் வழியில் ஜேம்ஸ் பார்த்தார். நுகத்தடியின் ஒரு பக்கம் ராமப்பனின் மாடு, மறுபக்கம் ராமப்பனின் தோள். கலப்பை அவர் மனைவி நாராயணம்மா கையில். மாடு இழுத்த இழுப்பில் ராமப்பன் வட்டம் போட்டார்.

“மாடாச்சும் நேராப் போவுது, நீ எங்கய்யா போற!” என்று கத்தினாள் நாராயணம்மா.

ஜேம்ஸ் சிரித்துவிட்டார். பத்தடி நடப்பதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

கோயிலில் விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்தார்கள். வானத்தோடு பூமியையும் படைத்தவர் என்று வரும் இடத்தில் ஜேம்ஸ் வரியைத் தவறவிட்டார். பூமி என்றதும் ராமப்பனின் கொல்லைதான் கண்முன் வந்தது. வெள்ளிக்கிழமை மழையை அனுப்பியவர் வேலி பார்த்தா அனுப்பினார்? ஜேம்ஸுக்கு வெட்கமாக இருந்தது.

5

முடிவு ஒன்று: ஜேம்ஸ் முழங்காலில் நின்று ஜெபித்தார். திங்கட்கிழமை மறுபடியும் மழை கொட்டோ கொட்டென்று...

அடித்துவிட்டேன். கதை எழுதுகிறவன் கேட்டதும் பெய்யும் மழையைச் சாமல்பட்டிக்காரர்கள் நம்பமாட்டார்கள்.

முடிவு இரண்டு: ஜேம்ஸ் பாதி ஆராதனையில் வெளியே வந்து வீட்டுக்கு ஓடினார். கட்டுத்தறியில் மாடு இல்லை.

“கிருபா, மாடு எங்க?”

“நீங்க கோயிலு வாசல மிதிச்சிருப்பீங்க, அப்பவே ஓட்டிக்கினு போய் வுட்டுட்டேன். நீங்க வர்ற வரைக்கும் ஈரம் காத்துக்கினு இருக்குமா? திட்டறதுன்னா சாயங்காலம் திட்டுங்க.”

ஜேம்ஸ் திட்டவில்லை. வெள்ளைச் சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பொழுது சாயும்வரை ராமப்பனின் கொல்லையில் அவரே ஏர் பிடித்தார். நாராயணம்மா பின்னாலேயே கடலை போட்டுக்கொண்டு வந்தாள். ராமப்பன் வரப்பில் உட்கார்ந்து தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டார்.

6

இதோடு முடித்திருக்கலாம். அருள்செல்விகூட, “நல்லாத்தானே இருக்குது, வுடுங்க” என்றாள். ஆனால் அடுத்த ஞாயிறு என்று ஒன்று வந்ததே!

பாவ அறிக்கை நேரம். அவரவர் மனத்துக்குள் சொல்லிக்கொள்ள போதகர் ஐயர் கொஞ்சம் மௌனம் விட்டார். ஜேம்ஸ் முழங்காலில் நின்று, உதடு மட்டும் அசைய, போன ஞாயிறு செய்த ஒரே ஒரு குற்றத்தைச் சொன்னார்.

உழுததையா, மாடு தர மறுத்ததையா?

பெண்கள் பக்கத்திலிருந்து கிருபாராணி எட்டிப் பார்த்தாள், அவளுக்கும் கேட்கவில்லை. எழுதுகிற எனக்கே கேட்கவில்லை. ஆகவே கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் எழுத இடம் போதாது.

(....................)