வியாழன் மதியம் விற்ற அறுபது

நாட்டில் இந்த வாரம் எந்த ஆல்பம் முதலிடம் என்பதை லண்டனில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து தீர்மானிப்பதாக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 1978இல் அதைத் தீர்மானித்தது வட இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் இருந்த எங்கள் கடையைப் போல, நாடு முழுக்க இருந்த சில நூறு இசைத்தட்டுக் கடைகளின் டைரிகள்தான். விற்ற ஒவ்வொரு தட்டின் எண்ணையும் காலை, மதியம் என்று கட்டம் பார்த்துக் கையால் எழுதி, சனிக்கிழமை மாலை பட்டியல் போடுகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். எந்தெந்தக் கடை என்பது ரகசியம் என்று பேர்.

அந்த ரகசியத்தைத் தெரிந்துகொண்டுதான் லண்டன் ரவுடி வின்ஸ் பார்ஜிட்டர் வெள்ளிக்கிழமை காலை வந்தான். அவனுடைய முதலாளி ஒரு பாடகனின் ஆல்பத்தை முதலிடத்தில் ஏற்றியே தீருவது என்று இறங்கியிருந்தார்.

"அறுபது எழுதுங்க பெரியவரே. எந்த நாள்ல வேணா போட்டுக்கங்க."

"ரெண்டுதான் வித்துச்சு," என்றார் கடைக்காரர் கிளிஃபர்ட் ஓக்டன். "அதுல ஒண்ண திருப்பிக் கொண்டாந்துட்டாங்க."

கடையில் வேலை பார்த்த நான் சிரித்துவிட்டேன். வின்சும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவருடைய இடது கையைப் பிடித்து இழுப்பறைக்குள் வைத்து, முழங்காலால் இடித்து மூடினான். இரண்டு தடவை. ஓடிக்கொண்டிருந்த பாட்டையும் மீறி எலும்பு முறிவது கேட்டது.

"வலது கைய விட்டு வச்சிருக்கேன். எழுதணும்ல."

அவன் போனதும் ஓக்டன் டைரியை என் பக்கம் தள்ளினார். முகம் வெளுத்திருந்தது. "எழுதிடு நோர்மா. சந்தேகம் வராம நாளுக்குக் கொஞ்சமா பிரிச்சுப் போடு. எவனோ ஒரு பாட்டுக்காரனுக்காக இன்னொரு கையையும் குடுக்க முடியாது."

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். எனக்கு இருபத்திரண்டு வயது, ஆத்திரத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அறுபதையும் வியாழன் மதியக் கட்டத்தில் எழுதினேன். எங்கள் ஊரில் வாராவாரம் வியாழன் அரைநாள் விடுமுறை; பன்னிரண்டரைக்கு மொத்தக் கடைத்தெருவும் அடைத்துவிடும். பட்டியல் போடுகிறவர்களுக்கு அது தெரியும். சனிக்கிழமை பக்கத்தைப் பார்க்க வந்த வின்சுக்குத் தெரியவில்லை. அறுபதையும் எண்ணி, என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். வீட்டில் படுத்திருந்த ஓக்டனிடம் நான் மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை பட்டியல் வந்தது. அந்த ஆல்பத்தை அடியோடு நீக்கியிருந்தார்கள். புதன்கிழமை ஓக்டன் கைக்கட்டோடு வந்து கடையைத் திறந்தார். வின்ஸ் சுத்தியலோடு வந்தான்.

"பூட்டின கடையில அறுபது தட்டு. ஆபீஸே என்னப் பாத்துச் சிரிக்குது. யாரு எழுதினது?"

ஓக்டனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நாந்தான்," என்றார்.

வின்ஸ் அவருடைய வலது கையைக் கல்லாமேசையில் விரித்து அழுத்தினான். முதல் அடியில் இரண்டு விரல்கள் நசுங்கின. மூன்றாவது அடிக்குப் பிறகு நான் எண்ணவில்லை. கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தான். விலகிக்கொள்ளக் கையூன்ற முடியாமல் அவர் தரையில் புரண்டார். எழுதியது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை. பயம், வேறொன்றும் இல்லை.

எட்டு வாரம் இரண்டு கையிலும் கட்டு. நான்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன், கரண்டியால் ஊட்டினேன். ஒருநாள் உருளைக்கிழங்கு மசியலை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"எழுதுறதுக்கு முன்னாடி எங்கிட்டக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா?"

"வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"வியாழன் கட்டத்துலயே எழுதுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா புதன்கிழம கடையத் திறந்திருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார்.