நோன்புப் பக்கத்தில் தங்கிய அரை மணி

மாலை அஸர் தொழுதுவிட்டு, பிறை பார்க்கும் நாளாயிற்றே என்று நூருன்னிஸா கணினியில் நோன்புப் பக்கத்தைத் திறந்தாள். நோன்பாளிகள் விடியுமுன் உண்ணும் ஸஹர் முடியும் நேரத்தை அது அரை மணி பிந்திக் காட்டியது.

மாத்தளைப் பகுதிப் பள்ளிவாசல்களுக்கென்று ஐந்து உறவுக்காரர்கள் சேர்ந்து, சம்பளமில்லாமல் எழுதிய தொழுகை நேர மென்பொருள் அது. பள்ளிவாசல் கணினிகளில் ஓடி, நேரத்துக்குச் சைரனை ஊதுவதும் அதுதான். கல்யாணம் என்றும் கடை என்றும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கணக்குப் பகுதியை எழுதிய மாமி மகன் மஹ்ரூப் கத்தாருக்குப் போனான். மிஞ்சியவள் இவள் ஒருத்திதான். இந்த 2006 சித்திரையில் இலங்கை அரசு நாட்டின் கடிகாரத்தை அரை மணி பின்னுக்கு வைத்தபோது, இவளே அதைத் திருத்தி, சீடீயில் எழுதி ஊரூராக அனுப்பினாள். ஐந்து நேரத் தொழுகையும் சரியாகத்தான் வந்தது. நோன்புப் பக்கம் ரமழானில்தான் விழிக்கும். மற்ற மாதங்களில் அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை.

இன்று பிறை கண்டால் விடிந்தால் நோன்பு. விடிகாலைத் தொழுகையான சுபஹு நேரம் வந்த பிறகும் சைரன் ஊதாது, ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பாங்கு சொல்லும் மோதினார்களுக்குச் சந்தேகம் வரலாம், வராமலும் போகலாம். இத்தனை வருஷம் பிழை விடாத மெஷின் அல்லவா?

மேற்கே மேகம் திரண்டிருந்தது. பிறை தெரியாமல் போகட்டும் என்று மனசு கேட்டது. மறுகணமே ‘அஸ்தஃபிருல்லாஹ்’ என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மஹ்ரூப் எழுதிய வரிகளில் ஒரு விளக்கமும் இல்லை. எங்கே கைவைப்பது? அவனைக் கேட்கலாம்தான். ஆனால், என்னைக் கல்யாணம் முடித்துக் கத்தாருக்கு வா என்று அவன் கேட்டதற்கு, இதை யார் பார்ப்பது என்று இவள் கணினியைக் காட்டிய நாளோடு எல்லாப் பேச்சும் நின்றுபோயிருந்தது.

முதலில் பள்ளிவாசல்களுக்குப் போன் செய்தாள். பிழை என்னுடையது, மெஷினை நிறுத்திவிட்டு இன்றைய சுபஹு நேரத்தையே நாளைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

“மெஷினுக்கும் நோன்பு புடிக்க ஏலாம போய்த்தோ?” என்று இரத்தோட்டை ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் சிரித்தார்.

கலேவெலப் பள்ளிவாசலில் மட்டும் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. நேரில் போய்ச் சொல்கிறேன் என்றதற்கு, குண்டு வெடிக்கிற காலத்தில் இருட்டப் போகும் நேரம் பஸ்ஸா என்று உம்மா கதவை மறித்துக்கொண்டார்.

திருத்திய சீடீ இருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். வேறு வழியில்லாமல் கத்தார் எண்ணை அழுத்தினாள்.

“மச்சான், நோன்புப் பக்கம்...”

“அந்த அரை மணிதானே?” என்றான் மஹ்ரூப். “அத ரெண்டு எடத்துல எழுதி வெச்சேன். சித்திரையிலயே என்ட பிரதிய திருத்திட்டேன்.”

“அப்ப ஏன் அனுப்பல்ல?”

“நான் அனுப்பினா நீ தொறக்க மாட்டேன்னு நெனச்சேன், நூரு.”

“இப்ப அனுப்புங்க, தொறக்கிறேன்” என்றாள்.

அவன் உடனே மின்னஞ்சலில் அனுப்பினான். அது சொட்டுச் சொட்டாக வந்து இறங்குவதற்குள் அந்தித் தொழுகையான மஃரிப் கழிந்து, வானொலி சொல்லிவிட்டது: பிறை தென்படவில்லை. ஒரு நாள் கிடைத்திருக்கிறது. திருத்திய சீடீயோடு காலையில் முதல் பஸ்ஸில் கலேவெலக்குப் போகலாம்.

மறுபடி கத்தாருக்கு எடுத்தாள். “ஒவ்வொரு வரியா சொல்லித் தாங்க மச்சான், எழுதி வெக்கிறேன். எனக்கு ஏதும் ஆனா இத யார் பாக்கிற?”

மஹ்ரூப் கேட்டான்: “பெருநாளைக்கு லீவு போட்டு வந்து சொல்லித் தரவா?”

“மொதல்ல நாளைக்கி கலேவெல பஸ் என்னய நல்லபடியா கொண்டு போய்ச் சேக்கட்டும்” என்றாள். போனை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை.