இருபத்திரண்டாவது அடுக்கு

என் நாத்தனாரும் நானும் நாலு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒரே லேபில் எதிரெதிர் மேஜையில் வேலை பார்க்கிறோம். பேச்சுவார்த்தை இல்லை என்பதைத் தவிர எங்களுக்குள் ஒரு குறையும் கிடையாது.

சண்டைக்குக் காரணம் ஒரு டம்ளர். நான் எதைக் கழுவிக் கவிழ்த்தாலும் அவள் வந்து எடுத்து இன்னொரு தடவை கழுவுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நான் கழுவினா அது கழுவினதுல சேராதா?"

"பழக்கம் அண்ணி."

"பழக்கம் இல்ல, கொழுப்பு."

அதோடு சரி. என் கணவர் கொஞ்ச நாள் தூது போய்ப் பார்த்தார். "உங்க தங்கச்சிய முதல்ல பேசச் சொல்லுங்க" என்றேன். "உன் பொண்டாட்டிய முதல்ல பேசச் சொல்லு" என்றாள். அவர் டிவி பார்க்கப் போய்விட்டார்.

லேபில் எங்கள் வேலை மருந்துக்கு உறை செய்வது. உள்ளே இருக்கும் மருந்து ஒரேயடியாக வெளியே கொட்டிவிடாமல் பல நாள் எடுத்துச் சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும். அதற்கு இரண்டு பாலிமர் கரைசல்கள் உண்டு. ஒன்றுக்கு பிளஸ் மின்சுமை, மற்றதற்கு மைனஸ். ரூபாய்க் காசு அகலத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள சன்னமான வில்லைகளை ஸ்டாண்டில் அடுக்கி, பிளஸ்ஸில் முக்கி, அலசி, மைனஸில் முக்கி, அலச வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காக ஏறும். மருந்து மூலக்கூறு ரொம்பப் பொடிசு. நெரிசலான பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து படிக்கட்டுக்கு வருகிற மாதிரி, இண்டு இடுக்கில் புகுந்து புகுந்துதான் அது அந்தப் பக்கம் போக முடியும்.

இதில் மேல் அடுக்கு எது என்பதுதான் முக்கியம். எங்கள் மருந்துக்கும் பிளஸ் மின்சுமை. மேலே பிளஸ் இருந்தால் கிட்டே வரவிடாமல் தள்ளும். மைனஸ் இருந்தால் வாங்க வாங்க என்று உள்ளே இழுத்துவிடும். இருபத்தோரு அடுக்கு, முதலும் கடைசியும் பிளஸ் என்பது கணக்கு.

முக்கி எடுக்கிற மெஷினின் கை உடைந்ததிலிருந்து எல்லாம் கையால்தான். பிளஸ் என் மேஜையில், மைனஸ் அவள் மேஜையில், அலசுகிற தொட்டி நடுவில். நான் முக்கித் தொட்டியில் வைப்பேன், அவள் எடுப்பாள். அவள் வைப்பாள், நான் எடுப்பேன். வாயைத் திறக்க அவசியமே இல்லை. மெஷின் போட்டதைவிட எங்கள் படலம் ஒழுங்காக வந்தது. "இப்படி ஒத்துமையா வேலை செய்யறவங்கள நான் பார்த்ததே இல்ல" என்று லேப் டைரக்டர் ஒருமுறை பாராட்டினார். இருவரும் ஆளுக்கொரு திசையில் பார்த்துச் சிரித்தோம்.

அவளுக்கு நிரந்தர வேலை. எனக்கு ஒப்பந்தம், அதுவும் இந்த மாதத்தோடு முடிகிறது. படலம் உடனே கசியவில்லை என்று டைரக்டர் கண்ணால் பார்த்தால் திட்டம் தொடரும், என் வேலையும் தொடரும். உடனே கசிந்தால் நான் வீட்டில் உட்கார்ந்து டம்ளர் கழுவலாம்.

சோதனை அன்று மதியம். நடுவில் வில்லையை வைத்து இறுக்கிய, இரண்டு அறை உள்ள சின்னக் கண்ணாடிப் பெட்டி. ஒரு பக்கம் மருந்துக்குப் பதிலாக, அதே மாதிரி பிளஸ் மின்சுமை உள்ள நீலச் சாயம். மறுபக்கம் வெறும் தண்ணீர். டைரக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் தண்ணீர் லேசாக நீலமாகிவிட்டது.

வேறு வில்லை மாற்றினோம். அதுவும் நீலம்.

"என்னம்மா இது?" என்றார் என்னைப் பார்த்து. "நீங்கதான கடைசி அடுக்கு?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் பொறி தட்டியது. காலையில் இருபத்தோராவதை முக்கித் தொட்டியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். முடிந்தது என்று சொல்லவில்லை. சொல்வதென்றால் அவளிடம் சொல்ல வேண்டும். திரும்பி வந்தபோது ஸ்டாண்ட் தொட்டியில்தான் இருந்தது. ஆனால் சற்றுத் தள்ளி இருந்தது.

நான் முடித்ததை இன்னொரு தடவை செய்திருக்கிறாள். பாவி, இங்கேயுமா! சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். யார் நம்புவார்கள்? அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நிரந்தரக்காரியின் பேச்சுதான் எடுபடும்.

"சார், கடைசி அடுக்கு என்னுது," என்றாள் நாத்தனார்.

டைரக்டர் திரும்பினார்.

"அண்ணி இருபத்தொன்னோட முடிச்சிட்டாங்க. எண்ணாம நான் எடுத்து இன்னொரு தடவ முக்கிட்டேன். மேல மைனஸ் ஆயிடுச்சு. அவங்க மேல தப்பு இல்ல சார்."

"இவ்வளவு நாள் வேலை பார்த்துட்டு எண்ணத் தெரியாதா உனக்கு?" அவர் அவளை ஒரு பிடி பிடித்தார். அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு மிச்ச வில்லைகளோடு ஸ்டாண்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னொரு தடவ முக்கிக் குடுங்க அண்ணி."

முக்கினேன். அவளே அலசினாள். புது வில்லையை மாட்டிச் சாயத்தை ஊற்றினோம். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் தெளிந்த தண்ணீர். டைரக்டர் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார், ஃபோன் பேசிவிட்டு வந்து பார்த்தார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. சாயங்காலம் என் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், நான் கண்டக்டரைப் பார்த்தேன். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் தெரியவில்லை.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்தேன். அவள் தண்ணீர் குடிக்க வந்தாள். ஒரு டம்ளரை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். குழாயைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது. கழுவாமலே தண்ணீர் பிடிக்கலாமா என்று அவள் படுகிற பாடு முகத்தில் தெரிந்தது.

இன்னொரு டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"எனக்கும் கழுவிக் குடு," என்றேன்.